வாத்துகள் குடியிருக்கும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. தொப்பி வைத்த ஒரு கிழ வாத்து, மலையளவு குவிந்த தங்கக் காசுக்குள் தலைகீழாகப் பாய்ந்து நீந்தும். அந்த வாத்தின் பெயர் ஸ்க்ரூஜ் மக்டக். இந்தியில் பேசிய அந்த 'டக்டேல்ஸ்' தொடரை இந்தி தெரியாத வீடுகளிலும் பார்த்தார்கள். இன்று நான் பேச வந்தது அந்த வாத்து குடியிருந்த ஊரைப் பற்றி. ஊரின் பெயர் டக்பர்க்.

கார்ட்டூன் விலங்குகளில் பலவற்றுக்கு ஊரே கிடையாது. மிக்கி மவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ ஆண்டுகள் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டில்தான் மிக்கி இருந்தது. அமெரிக்கக் காமிக்ஸில் அதற்கு ஒரு நிலையான ஊர்ப்பெயர் அமைய வெகுகாலம் பிடித்தது. ஸ்க்ரூஜின் மருமகன் டொனால்ட் டக்குக்கு அந்தக் குறை இல்லை. காரணம் ஒரே மனிதர், கார்ல் பார்க்ஸ்.

பார்க்ஸ் 1901இல் ஓரிகன் மாநிலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1935இல் டிஸ்னி ஸ்டூடியோவில் சேர்ந்தார். 1942இல் அந்த வேலையை விட்டுவிட்டு, தெற்குக் கலிபோர்னியாவில் சான் ஹசின்டோ என்ற சிற்றூர்ப் பக்கம் போய்விட்டார். கோழி வளர்த்துப் பிழைக்கலாம் என்பது எண்ணம். கூடவே வருமானத்துக்காக டொனால்ட் டக் காமிக்ஸ் வரைய ஆரம்பித்தார். அதுவே அடுத்த இருபத்து மூன்று, இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு அவருடைய வாழ்க்கை ஆயிற்று. டக்பர்க் என்ற பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது 1944இல். அந்த ஊர் இருக்கும் மாநிலத்துக்கு 1952இல் கலிசோட்டா என்று பெயர் வைத்தார். அப்படி ஒரு மாநிலம் அமெரிக்க வரைபடத்தில் கிடையாது.

பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஊர் வந்துவிடாது. பார்க்ஸ் செய்தது வேறு. டொனால்டுக்கு வேலிச் சண்டை போட ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கொடுத்தார், பெயர் ஜோன்ஸ். எந்தக் கதையிலும் டொனால்டுக்கு நிரந்தர வேலை இல்லை; இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று. உழைக்காமலே அதிர்ஷ்டத்தில் வாழும் கிளாட்ஸ்டோன் என்ற உறவுக்காரர் 1948இல் வந்தார். பூட்டை உடைக்கும் பீகிள் பாய்ஸ் கூட்டம் 1951இல், கண்டுபிடிப்பாளர் கைரோ கியர்லூஸ் 1952இல். மூன்று மருமகப் பிள்ளைகளுக்குச் சாரணர் படை போன்ற ஒரு சங்கம், அதன் கையில் உலகத்தில் உள்ளதெல்லாம் அடங்கிய ஒரு கையேடு. பொறாமைப்பட ஒருவன், கடன் கேட்க ஒருவர், பயப்பட ஒரு கூட்டம் என்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் அது ஊராயிற்று.

ஸ்க்ரூஜின் பணக் களஞ்சியத்தைச் சொல்ல வேண்டும். கில்மோட்டார் குன்றின் மேல் சதுரமாக நிற்கும் பெரிய கட்டடம், 1951 டிசம்பர் இதழில் வந்தது. உள்ளே மூன்று கன ஏக்கர் பணம் இருப்பதாகக் கணக்கு. ஏக்கர் என்பதே பரப்பளவு, அதில் கனம் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளையே கேட்கும். பார்க்ஸ் அதைக் கடைசிவரை அப்படியே வைத்திருந்தார். பணத்தின் ஆழத்தைப் பார்க்க, அணைக்கட்டில் நீர்மட்டம் குறிப்பதுபோல உள்ளே ஓர் அளவுகோல். ஊரில் எங்கு நின்று பார்த்தாலும் இந்தக் கட்டடம் தெரியும். ஊரின் பெரும் பணம் ஒரே கிழவர் கையில் முடங்கிக் கிடக்கிறது என்ற உண்மையை ஒரு வரி வசனம் இல்லாமல் அந்தச் சித்திரம் சொல்லிவிடுகிறது. பார்க்ஸை நான் பெரிய கலைஞர் என்று சொல்வதற்கு இந்த ஒரு கட்டடமே போதும்.

நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு கதையும் இருக்கிறது. 1952 மார்ச் இதழில் வந்தது. டக்பர்க்கைத் தோற்றுவித்தவர் கொர்னீலியஸ் கூட் என்பவர். ஹௌடுயுஸ்தான் என்ற நாட்டிலிருந்து ஒரு மகாராஜா வருகிறார், உலகத்திலேயே பெரிய பணக்காரர் தான்தான் என்ற பெயரோடு. அவர் ஊருக்குக் கொர்னீலியஸ் கூட் சிலை ஒன்றைப் பரிசளிக்கிறார். ஸ்க்ரூஜுக்குப் பொறுக்குமா? அதைவிடப் பெரிதாக அதே மனிதருக்கு இன்னொரு சிலை வைக்கிறார். மகாராஜா அதைவிடப் பெரிதாக. இப்படிப் போட்டி போட்டு ஒரே முன்னோருக்குச் சிலைக்கு மேல் சிலை எழும்புகிறது. கடைசியில் மகாராஜா ஓட்டாண்டி. அந்த மகாராஜா, கீழை நாடுகளை நேரில் பாராத அமெரிக்கர் ஒருவர் கற்பனையில் வரைந்த மகாராஜாதான். தலைப்பாகையும் நகையும் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை. அது எனக்கு உறுத்தும். ஆனால் சிலை வைப்பதில் நடக்கும் அந்தக் கௌரவப் போட்டி இருக்கிறதே, அதை விளக்கி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இத்தனையும் வரைந்த பார்க்ஸின் பெயர் அந்த நாளில் எந்தக் கதையிலும் அச்சாகவில்லை. எல்லாவற்றிலும் வால்ட் டிஸ்னி பெயர்தான். ஆனாலும் பிள்ளைகளுக்குக் கை அடையாளம் தெரிந்துவிட்டது. பல பேர் வரைந்த கதைகளுக்கு நடுவே எது இவருடையது என்று அவர்கள் சரியாகப் பிரித்தார்கள். பெயர் தெரியாததால் 'நல்ல ஓவியர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். தேடிப் பிடித்து அவருக்கு முதல் ரசிகர்க் கடிதங்கள் போய்ச் சேர்ந்தபோது 1960 ஆகிவிட்டது.

இனி ஜெர்மனிக்குப் போவோம். அங்கே 1951இல் மிக்கி மவுஸ் இதழ் தொடங்கியது. ஆசிரியர் பொறுப்புக்கு வந்தவர் எரிகா ஃபுக்ஸ் என்ற அம்மையார், கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். செக் எல்லைக்கு அருகே பவேரியாவில் ஷ்வார்சன்பாக் என்ற சிறிய தொழில் நகரத்தில் குடியிருந்தார். பார்க்ஸின் கதைகளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவரும் அவரே. டக்பர்க்கை எண்டன்ஹவுசன் ஆக்கினார். வாத்துகளின் வாயில் ஜெர்மன் கவிஞர்கள் ஷில்லர், கதே வரிகளை வைத்தார். அதோடு நிற்கவில்லை. தன்னைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன ஊர்களின் பெயர்களையும் கதைக்குள் கொண்டுவந்தார். ஓபர்கோட்சவ், ஷ்னார்கன்ராய்ட் என்று அந்த வட்டாரத்துக்கு வெளியே பலரும் கேள்விப்படாத பெயர்கள். கலிசோட்டாவிலிருந்த ஊர் ஜெர்மன் மண்ணுக்கு வந்துவிட்டது. ஹம்பர்க்கில் படித்த பிள்ளை அவற்றையும் கற்பனை ஊர்கள் என்றே நினைத்திருக்கும். ஷ்வார்சன்பாக் பிள்ளைக்கோ டொனால்ட் அடுத்த ஊர்க்காரர்.

ஜெர்மன் வாசகர்கள் இந்த ஊரை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? 1977இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடக்கியவர் ஹான்ஸ் ஃபொன் ஷ்டோர்க், பின்னாளில் பருவநிலை ஆய்வில் உலகறிந்த விஞ்ஞானி. பார்க்ஸ் வரைந்து ஃபுக்ஸ் எழுதியதே மூலநூல், மற்றதெல்லாம் கணக்கில் வராது என்பது அவர்கள் கட்சி. எண்டன்ஹவுசனின் சட்டம், பொருளாதாரம், நிலவியல் எல்லாவற்றுக்கும் கட்டுரை எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு சித்திரத்தின் பின்னணியையும் அலசி, முழு நகர வரைபடமே போட்டார். இது எவ்வளவு கடினமான வேலை என்றால், பார்க்ஸ் கதைக்குத் தேவைப்பட்ட இடத்தில் கடலை வைப்பார், தேவைப்பட்ட இடத்தில் பாலைவனத்தை வைப்பார். சான் ஹசின்டோவில் இருந்தவருக்கு அது இயல்பு. தலைக்கு மேல் பனி விழும் சிகரம், அந்தப் பக்கம் பாலை, இந்தப் பக்கம் வண்டியேறினால் பசிபிக் கடல். ஒரே நாளில் மூன்றையும் பார்க்கக்கூடிய மனிதர் வரைந்த ஊர் அப்படித்தானே இருக்கும்!

உண்மையான மண்ணைக் கதைக்குள் கொண்டுவரும் இதையே இன்னும் இரண்டு ஓவியர்களிடம் பார்க்கலாம். ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944இல் இறக்கும்வரை 'கிரேஸி கேட்' என்ற காமிக்ஸ் தொடரை வரைந்தார். பூனையும், அதன் தலையில் செங்கல்லை எறியும் எலியும் வாழும் கொக்கொனினோ, அரிசோனாவில் உண்மையாகவே இருக்கும் ஒரு மாவட்டத்தின் பெயர். அங்கத்திய செம்பாறைக் குன்றுகளும் மேசை மலைகளும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் இடம் மாறிவிடும். வால்ட் கெல்லி வரைந்த போகோ என்ற பொசம், அதாவது வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் இனத்து விலங்கு, குடியிருந்தது ஜார்ஜியா மாநிலத்தின் ஒக்கெஃபெனோக்கி சதுப்பு நிலத்தில். அதுவும் உண்மையான இடம். விலங்குகளைப் பேச வைத்த இவர்கள் காலடி மண்ணை இட்டுக்கட்டவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். பார்க்ஸுக்குக் கலிபோர்னியா, ஃபுக்ஸுக்குப் பவேரியா, ஹெரிமனுக்கு அரிசோனா. ஊர் பொய், மண் மெய்.

இன்று டக்பர்க்குக்கு நாட்டுக்கு ஒரு பெயர். இத்தாலியில் பாப்பரோப்போலி, சுவீடனில் அங்கேபோரி, பின்லாந்தில் அங்கலின்னா, பிரேசிலில் பட்டோபொலிஸ். இத்தாலியர்கள் வாத்துகளுக்கு ஓர் ஊரும் எலிகளுக்கு வேறோர் ஊருமாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் வாசகர்களுக்கோ மிக்கியும் டொனால்டும் ஒரே ஊர்க்காரர்கள். ஐரோப்பாவில் இத்தனை பேர் படித்த பார்க்ஸ் 1994இல்தான் முதன்முறையாக ஐரோப்பாவுக்குப் போனார். வயது தொண்ணூற்று மூன்று. 2000இல் காலமானார்.

எரிகா ஃபுக்ஸ் குடியிருந்த ஷ்வார்சன்பாக்கில் 2015இல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்குள் எண்டன்ஹவுசனைச் சிறிய அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே நடந்து பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பார்க்ஸின் கதை ஏதாவது ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை வாத்துகளை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வேலியையும் தெருவிளக்கையும் தூரத்து மலையையும் மட்டும் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.