மருந்தின் பெயரில் அல்ல, உடலில் தொடங்குங்கள்: பார்மசி படிப்பில் மருந்தியல்

[திரையில்: இரண்டு மருந்துப் பெயர்கள் – சால்பியூட்டமால், புரோபிரனோலால்]

வணக்கம். திரையில் இரண்டு மருந்துகளின் பெயர்கள் இருக்கின்றன. முதலாவது, ஆஸ்துமா உள்ளவர் மூச்சுத் திணறும்போது இன்ஹேலரில் உறிஞ்சும் மருந்து. இரண்டாவது, அதே ஆஸ்துமா உள்ளவருக்குக் கொடுத்தால் மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகக்கூடிய மருந்து. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: பீட்டா ஏற்பிகள், அதாவது அட்ரினலின் போன்ற பொருள்கள் வந்து பொருந்தும் செல்லின் பூட்டுகள். முதல் மருந்து அவற்றைத் தூண்டுகிறது, அடுத்தது அடைக்கிறது.

பார்மசி பட்டப்படிப்பில் பார்மகாலஜி எனப்படும் மருந்தியல் பலருக்கும் மலைப்பைத் தருகிறது. நூற்றுக்கணக்கான பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பயன், பக்கவிளைவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியல். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுபவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; பல பாடநூல்களே பட்டியல் பட்டியலாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் உடலில் தொடங்கி மருந்துக்கு வந்தால், அந்தப் பட்டியலில் பெரும்பகுதியை நீங்களே யோசித்து எழுதிவிடலாம். பீட்டா ஏற்பியை அடைக்கும் ‘பீட்டா தடுப்பான்கள்’ என்ற ஒரே ஒரு மருந்துக் குடும்பத்தைப் பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு இதைக் காட்டப்போகிறேன்.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆனாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். பிறகு நுண்ணுயிரியல், நோய்க்குறியியல். அவற்றின் மேல் மருந்தியல், பல பருவங்களுக்கு. கடைசியில் நோயாளியை முன்வைத்துப் படிக்கும் மருத்துவப் பயன்பாட்டுப் பாடங்கள். முதலாண்டில் பலர் கேட்கும் கேள்வி: மருந்து படிக்க வந்த நான் ஏன் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை வரைந்துகொண்டிருக்கிறேன்? நியாயமான கேள்வி. விடை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கிடைக்கிறது என்பதுதான் சிக்கல்.

[திரையில்: மனித உடலின் வரைபடம். இதயம், மூச்சுக்குழாய், எலும்புத்தசை, கல்லீரல் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

அச்சத்திலும் பரபரப்பிலும் சுரக்கும் அட்ரினலின் ரத்தத்தில் பெருகும்போது உடலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது. மூச்சுக்குழாய் விரிகிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்துக்கு விடுகிறது. கை லேசாக நடுங்குகிறது. இவ்வளவும் முதலாண்டு உடலியங்கியல்.

1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர், அட்ரினலினையும் அதை ஒத்த சில பொருள்களையும் வெவ்வேறு உறுப்புகளில் செலுத்தி, எது எங்கே அதிக வீரியத்துடன் செயல்படுகிறது என்று வரிசைப்படுத்தினார். எல்லா உறுப்புகளிலும் ஒரே வரிசை வரவில்லை. இரண்டு வரிசைகள் வந்தன. அப்படியானால் ஏற்பிகளும் இரண்டு வகை என்று முடிவுகட்டி, ஆல்பா, பீட்டா என்று பெயரிட்டார். அன்று யாரும் ஏற்பியைக் கண்ணால் கண்டதில்லை. பீட்டா வகையின் ஓர் உட்பிரிவான மனித பீட்டா-2 ஏற்பியின் வடிவம் படிகமாக்கி அறியப்பட்டது 2007-இல்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, உறுப்புகள் காட்டிய வேறுபாட்டை மட்டும் வைத்து ஊகித்த அந்தத் துணிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மருந்தியல் என்பது இப்படிச் சிந்திக்கும் பழக்கம்தான்.

ஆல்குவிஸ்டின் கருத்தைப் பிடித்துக்கொண்டவர் ஸ்காட்லாந்து மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக். இதயத்தின் பீட்டா ஏற்பியை அடைத்தால் இதயத்தின் வேலை குறையும், நெஞ்சுவலி தணியும் என்று அவர் எண்ணினார். 1960-களில் புரோபிரனோலால் பிறந்தது. 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் பிளாக்கும் ஒருவர்.

இப்போது நீங்களே எழுதிப் பாருங்கள். பீட்டா-1 இதயத்தில் மிகுதி. பீட்டா-2 மூச்சுக்குழாயிலும் எலும்புத்தசையிலும் கல்லீரலிலும் உண்டு. புரோபிரனோலால் இரண்டையும் அடைக்கிறது. ஆகவே நாடித்துடிப்பு குறையும், கை நடுக்கம் குறையும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். சால்பியூட்டமால் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டுகிறது. ஆகவே மூச்சுக்குழாய் விரியும். கூடவே கை நடுங்கும். அளவு கூடினால் இதயமும் படபடக்கும். பயனும் பக்கவிளைவும் தடையும் ஒரே வரைபடத்திலிருந்து வந்துவிட்டன. எதையும் மனப்பாடம் செய்யவில்லை. அட்டெனோலால், பிசோபிரோலால் போன்றவை பீட்டா-1 ஏற்பியையே அதிகம் நாடுபவை. ஆனால் அந்தப் பாகுபாடு முழுமையானதல்ல, அளவு ஏற ஏற அது மங்கிவிடும். இதைத் தேர்வுக்காக மட்டுமல்ல, வேலைக்குச் சென்ற பிறகும் நினைவில் வைத்திருங்கள்.

[திரையில்: மாத்திரை – குடல் – கல்லீரல் – ரத்த ஓட்டம்]

இதுவரை பார்த்தது, மருந்து உடலை என்ன செய்கிறது என்பது. உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது மறுபாதி: உறிஞ்சல், பரவல், வளர்சிதை மாற்றம், வெளியேற்றம். என் கருத்தில் பார்மசி மாணவர் மற்ற எவரையும்விட ஆழமாகக் கற்க வேண்டிய பகுதி இதுதான். மூலக்கூறின் வேதியியலும் மாத்திரையின் கட்டமைப்பும் நோயாளியின் உறுப்புகளும் ஒரே இடத்தில் சந்திப்பது இங்கேதான். அந்த மூன்றையும் சேர்த்துப் படிப்பவர் நீங்கள்.

அதே குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். புரோபிரனோலால் கொழுப்பில் கரையும். அதனால் குடலில் எளிதாக உறிஞ்சப்படுகிறது. ஆனால் ரத்த ஓட்டத்தை எட்டுவதற்கு முன் கல்லீரலைக் கடக்கும்போதே பெரும்பகுதி சிதைக்கப்பட்டு, ஏறத்தாழ கால் பங்குதான் மிஞ்சுகிறது. சிரை வழியாக 1 மில்லிகிராம் கொடுக்கப்படும் மருந்து, மாத்திரையில் 40 மில்லிகிராம் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் எளிதில் நுழைகிறது. சிலருக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன. அட்டெனோலாலோ நீரில் கரைவது. மூளைக்குள் அதிகம் போகாது. பெரும்பாலும் சிதையாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும். கல்லீரல் கெட்டவருக்கு எதில் கவனம் வேண்டும், சிறுநீரகம் கெட்டவருக்கு எதில் கவனம் வேண்டும் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். அந்த நுண்குழாய்களை வரைந்தது இதற்காகத்தான்.

அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், என்ற கருத்தையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் தொடர்ந்து எடுக்கும் மருந்து, நான்கு அல்லது ஐந்து அரை ஆயுள்கள் கடந்த பிறகே ரத்தத்தில் நிலையான அளவை எட்டும். தைராய்டு குறைபாட்டுக்குக் கொடுக்கும் லெவோதைராக்ஸினின் அரை ஆயுள் சுமார் 7 நாட்கள். ஐந்தால் பெருக்கினால் 35 நாட்கள். அளவை மாற்றிய பிறகு ஏறத்தாழ 6 வாரம் கழித்தே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது ஏன் என்று விளங்குகிறதா? இரண்டே வாரத்தில் “மருந்து வேலை செய்யவில்லை” என்று கவலையோடு கேட்பவருக்கு, மருந்தாளுநர் சொல்ல வேண்டிய பதில் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

உயிர்வேதியியலுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளூட்டாதையோன் என்ற பொருள் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவு மீறும்போது குளூட்டாதையோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைன், தீர்ந்துபோன குளூட்டாதையோனை மீண்டும் உருவாக்க உதவுகிறது. அளவுமீறி விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றப்படுகிறது. முதல் நாளில் நோயாளிக்குப் பெரிய தொந்தரவே தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை. “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அவர் சொல்வதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

[திரையில்: பலவீனமான இதயம்]

அடுத்தது நோய்க்குறியியல். உடலியங்கியல் மட்டும் தெரிந்தால் எங்கே தடுக்கி விழுவோம் என்பதை இது காட்டும். இதயச் செயலிழப்பில் இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கிறது. அதன் துடிப்பு வலிமையைக் குறைக்கும் பீட்டா தடுப்பானைக் கொடுக்கலாமா? கூடாது என்றுதான் பல ஆண்டுகள் கற்பிக்கப்பட்டது. ஆனால் பலவீனமான இதயத்தை அட்ரினலின் வகைப் பொருள்கள் ஓய்வின்றி விரட்டுகின்றன. அந்த விரட்டலே நாளடைவில் இதயத் தசையை மேலும் அழிக்கிறது. இது புரிந்ததும் சிகிச்சை தலைகீழானது. 1999-இல் வெளியான சிபிஸ்-2 ஆய்வில், பிசோபிரோலால் பெற்ற நோயாளிகளிடையே இறப்பு 34 சதவீதம் குறைந்தது. ஒரு நிபந்தனை: நிலை சீரான பிறகு, மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பழைய எச்சரிக்கை உண்மையாகிவிடும்.

பலர் குழம்பும் ஓர் இடத்தையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்த மில்லிகிராமில் வேலை செய்யும் மருந்து சிறந்த மருந்து என்று பொருளல்ல. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளில் பியூமெட்டனைடு 1 மில்லிகிராம், ஃபுரோசமைடு 40 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ ஈடு. வீரியம் வேறு, எட்டக்கூடிய உச்சப் பயன் வேறு. இரண்டும் சிறுநீரகத்தின் ஒரே இடத்தில் செயல்பட்டு, ஏறக்குறைய ஒரே உச்சத்தைத்தான் எட்டுகின்றன.

பெயர்களை மனப்பாடமே செய்ய வேண்டாமா? வேண்டும். ஆனால் பெயர்களுக்குள்ளேயே உதவி இருக்கிறது. ‘ஓலால்’ என்று முடிந்தால் பெரும்பாலும் பீட்டா தடுப்பான். ‘சார்ட்டான்’ என்றால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான். ‘பிரசோல்’ என்றால் பெரும்பாலும் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. குடும்பத்துக்கு ஒரு மருந்தை முழுமையாகக் கற்று, மற்றவை அதிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஒரு மருந்துச் சீட்டு – இன்சுலின், புரோபிரனோலால்]

இப்போது ஒரு பயிற்சி. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கப் புரோபிரனோலால் எழுதப்பட்டிருக்கிறது. அவரிடம் என்ன சொல்வீர்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

ரத்தச் சர்க்கரை தாழும்போது உடல் அட்ரினலினை விட்டு எச்சரிக்கும்: படபடப்பு, நடுக்கம், வியர்வை. படபடப்பு பீட்டா-1 வழியாக வருவது, மறைந்துவிடும். நடுக்கம் பீட்டா-2 வழியாக வருவது, அதுவும் மறையும். ஆனால் வியர்வை? வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் பரிவு நரம்புகள் (உடலை அவசரத்துக்குத் தயாராக்கும் நரம்புகள்) அங்கே வெளியிடுவது பெரும்பாலும் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு பொருள். பீட்டா தடுப்பான் அதைத் தொடாது. ஆகவே வியர்வை மறையாது. கல்லீரல் குளுக்கோஸை விடுவதும் ஓரளவு தடைபடுவதால், தாழ்ந்த சர்க்கரை மீள நேரமாகலாம்.

எனவே, முதலில் மருத்துவரிடம் பேசி, பீட்டா-1 ஏற்பியை அதிகம் நாடும் மருந்து பொருந்துமா என்று கேளுங்கள். புரோபிரனோலாலே தொடர்வதானால் நோயாளியிடம் சொல்லுங்கள்: படபடப்புக்காகக் காத்திருக்காதீர்கள், காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள், தொடங்கிய வாரங்களில் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள், மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் அடைபட்டிருந்ததால் பீட்டா ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும். தடுப்பு சட்டென்று நீங்கினால் சாதாரண அளவு அட்ரினலினே இதயத்தை மிதமிஞ்சி விரட்டிவிடும்.