ரிங்கோவின் இடது கை

நேயர்களுக்கு வணக்கம்.

பீட்டில்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லிவர்பூல் நகரத்து நான்கு இளைஞர்கள்: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். இந்த நால்வரில் யாரை எடுத்துவிட்டால் பாட்டு குடை சாய்ந்துவிடும் என்று கேட்டால், முப்பது வருடமாக நான் சொல்லும் பதில் ரிங்கோ. பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவர். என் நண்பர்கள் வட்டத்தில் இதை இன்றுவரை ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை.

கல்லூரி நாட்களில் நானும் எதிர்க்கட்சியில்தான் இருந்தேன். "மற்ற மூவரும் மேதைகள், ரிங்கோவுக்கு அதிர்ஷ்டம்" என்று விடுதியில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் என் டூ-இன்-ஒன்னில் வலது பக்க ஸ்பீக்கர் செத்துப்போனது. ரிப்பேருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. பீட்டில்ஸின் ரப்பர் சோல் கேசட்டைப் போட்டேன். 1965-ல் வந்த அந்தத் தொகுப்பின் ஸ்டீரியோ பதிவில் பெரும்பாலும் குரல்கள் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமுமாகப் பிரிந்திருக்கும். அதனால் பாடுகிறவர்களைக் காணோம். எங்கோ பக்கத்துத் தெருவில் பாடுவதுபோல் லேசாக ஒரு ஒலி, அவ்வளவுதான். மீதமிருந்தது டிரம்ஸும் பேஸ் கிட்டாரும்.

அன்றுதான் ரிங்கோவை முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை அவர் வாசித்தது என் காதில் விழுந்திருக்கிறது, நான் கேட்டதில்லை. பாடகர் மூச்சு விடும் இடம் தெரிந்து அங்கே மட்டும் ஒரு சின்ன உருட்டல், மற்ற இடத்தில் அலட்டாத நடை. நம் கச்சேரி பாஷையில் சொன்னால், அனுசரணையான வாசிப்பு. நல்ல மிருதங்க வித்வான் பல்லவி அனுபல்லவிக்கு எப்படி வாசிப்பாரோ, அந்த மாதிரி. தனி ஆவர்த்தனம் கேட்கவே மாட்டார் ரிங்கோ. சோலோ வாசிப்பதே அவருக்குப் பிடிக்காது. பீட்டில்ஸ் பதிவுகளில் அவர் டிரம்ஸ் தனியாக ஒலிப்பது 1969-ல் வந்த ஏபி ரோடு தொகுப்பில், தி எண்ட் என்ற பாட்டில்தான். அதுவும் சில விநாடிகள்.

அந்தச் சின்ன உருட்டல்கள் வேறு யார் வாசித்தாலும் அப்படி வருவதில்லை. காரணம் அவருடைய கை. ரிங்கோ இடது கைக்காரர். ஆனால் உட்கார்ந்ததோ வலது கைக்காரருக்காக அடுக்கிய டிரம்ஸ் முன்னால். வலது கைக்காரருக்கான கத்தரிக்கோலை இடது கையால் பிடித்துத் துணி வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மற்றவர்களுக்கு வலது கை முன்னே ஓடும். இவருக்கு இடது கை முன்னே வரும், வழியில் வலது கை நிற்கும். ஆகவே அரைக்கால் நொடி தாமதம், எதிர்பாராத ஒரு திருப்பம். அந்தத் தாமதம்தான் அழகு.

இங்கே மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் இடது கைக்காரர். மிருதங்கத்தில் கருப்பு வட்டம் உள்ள பக்கமான வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்றால் அவர் மேடையில் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். மாற மனமில்லாதவர்களால் அவருக்குக் கச்சேரிகள் கைநழுவின. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். பழனியின் வாசிப்பில் குறை சொல்லிக் கச்சேரி மறுக்கப்படவில்லை பாருங்கள், உட்காரும் இடத்துக்காக மறுக்கப்பட்டது. அதை நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

சரி, ரிங்கோவுக்கு வருவோம். பதின்மூன்று வயதில் காசநோய், ஏறத்தாழ இரண்டு வருடம் ஆஸ்பத்திரி வாசம். அங்கே பிள்ளைகளுக்காக ஒரு வாத்தியக் குழு வைத்திருந்தார்கள். படுக்கைக்குப் பக்கத்து அலமாரியைத் தட்டித் தட்டித்தான் அவருக்குத் தாள ஆசை பிடித்தது. 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸில் சேர்ந்தார். அடுத்த மாதமே லவ் மீ டூ பாட்டை மறுபடி பதிவு செய்தபோது தயாரிப்பாளர் தரப்பு ஆண்டி ஒயிட் என்ற வேறொரு டிரம்மரை உட்கார வைத்து, ரிங்கோ கையில் கஞ்சிரா மாதிரியான ஒரு டாம்பரினைக் கொடுத்தது. அந்தப் பாட்டு உங்களிடம் இருந்தால் கேளுங்கள். டாம்பரின் சலங்கை ஒலித்தால் டிரம்ஸ் ஆண்டி ஒயிட், ஒலிக்காவிட்டால் ரிங்கோ.

ரிங்கோ பீட்டில்ஸுக்குள்ளேயேகூடச் சிறந்த டிரம்மர் இல்லை என்று லெனன் சொன்னதாக ஒரு வாசகம் உலகமெல்லாம் சுற்றுகிறது. எனக்கே எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! லெனன் அப்படிச் சொல்லவே இல்லை. பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் தேடிப் பார்த்ததில், அது 1981-ல் பி.பி.சி. வானொலியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் வந்த வரி. லெனன் இறந்ததோ 1980 டிசம்பரில். அந்த வருடம் கொடுத்த பேட்டியில்கூட ரிங்கோவை அவர் நல்ல டிரம்மர் என்றே புகழ்ந்தார். வானொலியில் யாரோ சிரிக்கச் சொன்ன ஒரு வரியை இசை விமர்சனம் என்று நாற்பது வருடமாகத் தூக்கிச் சுமக்கிறோம். விடுதியில் நானும் சுமந்தேன். ஸ்பீக்கர் கெட்டிருக்காவிட்டால் இன்னும் சுமந்துகொண்டிருப்பேன்.

விமர்சகர்களைப் பற்றி விரிவாகப் பேசத்தான் நினைத்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தானாம். ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1967 ஜூனில் பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பர் தொகுப்பை ஊரே கொண்டாடியபோது, நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற இளைஞர் அது பிடிக்கவில்லை என்று எழுதினார். வாசகர்களின் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தன் வீட்டு ஸ்டீரியோவில் அப்போது ஒரு ஸ்பீக்கர் பழுதாகியிருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். எனக்கு ஒரு ஸ்பீக்கர் போனதால் காது திறந்தது, அவருக்கு ஒன்று போனதால் பாதி இசை போனது. அவர் சொன்ன தீர்ப்பு எனக்கு ஏற்பில்லை. ஆனாலும் அவரை மதிக்கிறேன். தொகுப்பைப் போட்டு, கேட்டு, தன் பெயரைப் போட்டு எழுதினார். அலமாரியில் மரியாதையாக வைத்துவிட்டுக் கேட்காமலே புகழ்கிறவர்களைவிட அவர் எனக்கு நெருக்கம்.

லெட் செப்பலின் என்ற இன்னொரு ராக் குழுவை முதலில் வந்த விமர்சனங்கள் எப்படி நடத்தின என்பதையும் சொல்ல வைத்திருந்தேன், நேரமில்லை. 1966-ல் வந்த ரெயின் என்ற பாட்டு கிடைத்தால் இன்று இரவு கேளுங்கள். தன் வாசிப்பில் ரிங்கோவுக்கே மிகவும் பிடித்தது அது. முதல் தடவை பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் தொடர்ந்து போங்கள். ஆரம்பத்திலேயே, யாரும் பாடத் தொடங்கும் முன்பே, அந்தக் கை பேச ஆரம்பித்துவிடும்.

வணக்கம்.