இரண்டாம் முறை கேட்பவர்கள்

அவையோருக்கு வணக்கம். பெரிய இசைக்கூடங்களையும் அரசு இசைக்குழுக்களையும் சாராமல், மேற்கத்திய மரபில் வந்த சமகாலச் செவ்வியல் இசையைத் தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, பெரும்பாலும் தாங்களே கேட்டும் வருகிற ஒரு சிறு வட்டம் பல நகரங்களில் உண்டு. அந்த வட்டத்தில் ஒருவர் எப்போது உண்மையாக உறுப்பினராகிறார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. தம்முடைய படைப்பு முதன்முதலாக மேடையேறும் நாளில் என்று பலர் கருதுகிறார்கள். பிறருடைய படைப்புக்காகத் தம் மாலைப்பொழுதுகளைச் செலவிடத் தொடங்கும் நாளில்தான் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு வரலாற்றில் ஒரு வலுவான சான்று உண்டு. 1913 மார்ச் மாதம் வியன்னாவில் இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பர்க் நடத்திய கச்சேரி ஒன்று, அவருடைய மாணவர் ஆல்பன் பெர்க்கின் பாடல்களுக்கிடையே எழுந்த கூச்சலாலும் கைகலப்பாலும் பாதியிலேயே நின்றுபோனது. 1918இன் இறுதியில் அதே நகரில் ஷோன்பர்க் ஒரு தனிக் கழகத்தைத் தொடங்கியபோது, அதன் விதிகள் வியப்பளிக்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தன: உறுப்பினர்கள் மட்டுமே வரலாம், பத்திரிகை விமர்சகர்களுக்கு இடமில்லை, கைதட்டவும் கூடாது, எதிர்ப்புக் குரல் எழுப்பவும் கூடாது, அன்றைக்கு எந்தப் படைப்பு வாசிக்கப்படும் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படாது. இந்த விதிகளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு மூன்று வழக்கங்கள். முதலாவது, எந்தப் படைப்பும் போதிய ஒத்திகையின்றி மேடைக்கு வரக்கூடாது என்பது. அந்த ஒத்திகைகளைப் பெர்க்கும் இன்னொரு மாணவரான வெபர்னும் பொறுப்பேற்று நடத்தினார்கள். இரண்டாவது, கடினமான படைப்புகளை ஒருமுறையோடு விட்டுவிடாமல் மீண்டும் மீண்டும் வாசித்தது. மூன்றாவது, தொடக்க காலத்தில் ஷோன்பர்க் தம் சொந்தப் படைப்புகளுக்கு அந்த மேடையில் இடம் தராதது. ரேகர், டெபுஸி, ஸ்க்ரியாபின் போன்ற பிற இசையமைப்பாளர்களின் படைப்புகள் ஒலித்த அரங்கில், அதை நிறுவியவர் கேட்பவராக அமர்ந்திருந்தார். பெரிய இசைக்குழுவுக்குப் பணம் இல்லாததால், குழுப் படைப்புகளைப் பியானோவுக்கோ சிறு குழுவுக்கோ மாற்றி எழுதினார்கள். நிதி திரட்ட யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் என்ற நடன இசைகளையும் அவ்வாறே எழுதி 1921இல் வாசித்தார்கள். கடைசியில் பணவீக்கம் கழகத்தை மூடவைத்தது.

கதவை அடைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. பழிப்பவர்களிடமிருந்து இசையைக் காப்பாற்றலாம். ஆனால் தற்செயலாக உள்ளே வந்து, இது என்ன என்று திகைத்து, மறுமாதமும் வருகிற அந்த ஒரு மனிதரையும் அந்தக் கதவு வெளியே நிறுத்திவிடுகிறது.

பிறருடைய இசைக்கு உழைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலியின் ‘இன் சி’ படைப்பைச் சொல்லலாம். 1964 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில் அது முதன்முறை ஒலித்தபோது வாசித்தவர்களில் பாலின் ஒலிவெரோஸ், மார்ட்டன் சுபோட்னிக், ஸ்டீவ் ரைக் ஆகியோர் இருந்தார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தம்மளவில் இசையமைப்பாளர்கள். 53 சிறு இசைத்துணுக்குகளைக் கொண்ட அந்தப் படைப்பில், ஒவ்வொன்றையும் எத்தனை முறை வாசிப்பது என்பதை அவரவரே முடிவு செய்யலாம். ஆனால் மற்றவர்களை விட்டு அதிகம் முந்தவோ பிந்தவோ கூடாது. வாசிப்பவர்கள் ஒன்றுசேர்ந்திருக்க உதவும் சீரான துடிப்பை ஒத்திகையில் முன்மொழிந்தவர் ரைக். இன்று அந்தத் துடிப்பு இல்லாமல் ‘இன் சி’யை நினைத்துப் பார்ப்பதே கடினம். எழுதியவர் ரைலிதான், ஆயினும் அதில் ஒரு நண்பரின் காது இருக்கிறது. பின்னர் நியூயார்க்கில் ரைக்கும் இசையமைப்பாளர் பிலிப் கிளாஸும் சில காலம் ஒருவர் குழுவில் மற்றவர் வாசித்தார்கள். வீட்டுச் சாமான்களை இடம்மாற்றும் வேலையையும் சேர்ந்தே செய்தார்கள். பிற்காலத்தில் இருவரும் விலகிப்போனார்கள் என்பதும் உண்மை. இத்தகைய வட்டங்கள் குடும்பத்தைப் போன்றவை, பாசம் மட்டும் அங்கே நிலவும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

யார் உள்ளே, யார் வெளியே என்பதும் பேசப்பட வேண்டியது. 1965இல் சிகாகோவில் முஹால் ரிச்சர்ட் ஆப்ராம்ஸும் தோழர்களும் தொடங்கிய கறுப்பின இசைக்கலைஞர்களின் சங்கத்தில், உறுப்பினர்களின் சொந்தப் படைப்புகளே மேடையேற வேண்டும் என்ற கொள்கை இருந்தது. ஷோன்பர்க்கின் வழக்கத்துக்கு இது நேர் எதிர். ஆனால் கறுப்பினக் கலைஞர்களைப் பிறர் எழுதியதை வாசிப்பவர்களாக மட்டுமே பார்த்த ஒரு சூழலில், அந்தக் கொள்கை நியாயமானது. அவர்கள் இளையோருக்கு இசைப்பள்ளியும் நடத்தினார்கள். அப்படியிருந்தும் அவர்களை ஜாஸ் என்ற அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சமகாலச் செவ்வியல் இசையின் வரலாறு நீண்டகாலம் அவர்களைக் கடந்து சென்றது. 1987இல் நியூயார்க்கின் ஒரு ஓவியக்கூடத்தில் மைக்கேல் கார்டன், டேவிட் லாங், ஜூலியா வுல்ஃப் என்ற இளம் இசையமைப்பாளர்கள் மூவரும் 12 மணி நேர இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தி, ஒருவரையொருவர் கண்டுகொள்ளாத முகாம்களைச் சேர்ந்த மில்டன் பாபிட்டின் இசையையும் ரைக்கின் இசையையும் ஒரே மேடையில் ஒலிக்கவைத்தார்கள். எந்த முகாமிலும் சேராத இளைஞர்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். புதிய படைப்புகளின் பெரும் துன்பம், முதல் அரங்கேற்றமே கடைசி அரங்கேற்றமாகிவிடுவது. ‘முதன்முறையாக’ என்ற அறிவிப்புக்கு நிதியும் கிடைக்கும், செய்தியும் வரும். இரண்டாம் முறைக்கு எதுவும் கிடைக்காது. ஆனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராத ஒரு சுயேச்சைக் குழு, சென்ற ஆண்டு வாசித்ததை இந்த ஆண்டும் வாசிக்கலாம். வாசிப்பவர்களுக்கு இசைக்குறிப்பு கைவசமாகியிருக்கும். முதல்முறை தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அடுத்தவரைக் கேட்டு வாசிப்பார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அப்படி ஒரு படைப்பாவது இருக்கட்டும். புதிதாக வந்து சேரும் இசையமைப்பாளர் தம் குறிப்பேட்டை நீட்டுவதற்கு முன், அந்தப் பழைய படைப்பின் ஒத்திகைக்கு வந்து, பக்கம் திருப்பிக் கொடுத்து, அதை எழுதியவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கட்டும்.