துணி காயாத ஊரில் பீர் நொதிக்க வைப்பது

வணக்கம். வீட்டிலேயே பீர் தயாரிப்பதைப் பற்றிப் பேச எனக்கு ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கள்ளத்தனமான வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் 2004 முதல் இதற்கு அனுமதி உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது. விற்கக் கூடாது. காய்ச்சி வடித்துச் சாராயமாக்கவே கூடாது. சரி.

நான் பேச வந்தது குடிப்பதைப் பற்றி இல்லை, நொதிப்பதைப் பற்றி. உங்கள் வீட்டு இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மார்கழி மாதம் மாவுப் பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்புப் பக்கம் வைப்பார்கள். இங்கே சாயங்காலம் அரைத்து வெளியில் வைத்தால், விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்தும் போயிருக்கும். பீரும் அப்படித்தான். பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் அதுதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புத் தண்ணீரில், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் வாளியில் ஊற்றி, நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டைத் தூவ வேண்டும். மீதி வேலை ஈஸ்டுடையது. அந்த ஈஸ்ட் வகைகளில் பலவற்றுக்குப் பிடித்த சூடு 18 முதல் 22 டிகிரி. நம் வீட்டுக்குள் எப்போதும் 28, 30. போதாததற்கு நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும். வாளிக்குள் அறையை விட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். அவ்வளவு சூட்டில் அவசரமாக வளர்ந்த ஈஸ்ட், அழுகிய வாழைப்பழ வாடையையும் தொண்டையில் எரிச்சலையும் கொண்டுவரும்.

என் முதல் வாளிக்கு அதுதான் நடந்தது. வெப்ப நாட்டுக்காரர்கள் சொல்லும் ஒரு வழியைப் பின்பற்றியிருந்தேன்: வாளியைச் சுற்றி ஈரத்துணி, எதிரே மின்விசிறி. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. வறண்ட ஊரில் இது அருமையாக வேலை செய்யும். அறையில் 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஈரத்துணி 18, 19 டிகிரி வரை இறங்கும். நமக்கு ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். இங்கே அதே துணி 27 டிகிரிக்குக் கீழே போகாது. மழை மாதத்தில் மூங்கில் கழியில் போட்ட சட்டை இரண்டு நாளாகியும் காயாமல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். துணி காயவில்லை என்றால் தண்ணீர் ஆவியாகவில்லை. ஆவியாகவில்லை என்றால் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?

அப்போது உட்லண்ட்சில் நான்கறை வீட்டில் இருந்தோம். அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர், குடி என்றாலே முகம் சுளிப்பவர். இரண்டு நாள் அந்த வாளியைப் பார்க்காத மாதிரியே நடந்தார். மூன்றாம் நாள் மூடியைத் திறந்து முகர்ந்தார். "என்னடா இது, வெயில்ல வெச்ச மாவு மாதிரி வாடை அடிக்குது?" வாளியின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சுடுது பாரு." அப்புறம் குளியலறையிலிருந்து பெரிய பிளாஸ்டிக் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். "ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல பால் சட்டிய எதுல வைப்போம்? தண்ணிக்குள்ளதானே?" முதல் வாளியைக் கொட்டிவிட்டோம். அடுத்த வாளி தொட்டிக்குள் இறங்கியது. இத்தனை வருடத்தில் அம்மா ஒரு வாய் குடித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் காலையில் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, "ஐஸ் மாத்து" என்று சொல்பவர் அவர்தான்.

ஐஸ் என்றால் கடையில் வாங்குவதில்லை. குடித்துப் போட்ட ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃபிரீசரில் வைத்துவிடுவோம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்கிற அளவு சூட்டை இழுத்துக்கொள்ளும். வாளியில் 10 லிட்டர் பீர், தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். இரண்டு பாட்டில், அதாவது 3 கிலோ ஐஸ், அந்த 30 லிட்டரை 8 டிகிரி இறக்கும். அறையின் சூடு திரும்ப ஏறத்தான் செய்யும், அதனால் காலையில் இரண்டு, இரவில் இரண்டு. தொட்டியைச் சுற்றிப் பழைய போர்வை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது இன்னும் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இடம் வேண்டும், காசும் வேண்டும். அது இல்லையே என்று யாரும் இதைத் தொடங்காமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். இந்த ஐஸ் மாற்றும் வேலை முதல் மூன்று நாளுக்குத்தான். முதல் மூன்று நாள். ஈஸ்ட் பல்கிப் பெருகுவது அப்போதுதான், கெட்ட வாடைகளில் பெரும்பாலானவை உண்டாவதும் அப்போதுதான். அதற்கப்புறம் மெல்லச் சூடு ஏறினால் கெடுதல் இல்லை. தான் விட்ட வாடைகளில் சிலவற்றை ஈஸ்ட் தானே சுத்தம் செய்துகொள்ள அந்தச் சூடு உதவும். இரண்டு வாரமும் ஐஸ் சுமக்க வேண்டும் என்று பயந்து எத்தனையோ நண்பர்கள் கைவிட்டிருக்கிறார்கள். மூன்று நாள் போதும்.

அந்த மூன்று நாளும் முடியாது என்பவர்களுக்கு க்வைக் இருக்கிறது. மேற்கு நார்வேயில் வாஸ் போன்ற ஊர்களில் பண்ணை வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் இது. மரவளையங்களில் ஒட்டிக் காயவைத்து, அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பார்கள். நம் வீட்டில் பழைய மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைப்போமே, அதே வழக்கம்தான். பனி கொட்டும் நாட்டில் வளர்ந்த இந்த ஈஸ்டுக்கு 30 முதல் 40 டிகிரி வரை இதமான சூடு. ஐஸ் இல்லை, தொட்டி இல்லை, சமையலறை மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். சிங்கப்பூருக்கென்றே செய்தது போல எனக்குத் தோன்றும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சுத்தத்தைப் பற்றியும் பாட்டிலில் அடைப்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். கொதித்து ஆறிய பிறகு பீரைத் தொடும் எதுவும் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். பழ ஈயை உள்ளே விடாதீர்கள், அது வந்தால் பின்னாலேயே வினிகர் வரும். ஹாப்ஸ் ஃபிரீசரில், மால்ட் காற்றுப் புகாத டப்பாவில். வெளியில் வைத்தால் நமத்துப்போய் வண்டு விழும். பாட்டிலில் அடைக்கும்போது நுரை வருவதற்கு லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். பீரில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அடர்த்திமானி தொடர்ந்து மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடையுங்கள். நம் சூட்டில் நொதித்து முடியாததை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கண்ணாடி வேண்டாம், சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் போதும். ஒரு வாரம் கழித்து அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.