மனக்கண்ணில் படம் வராதவர்கள்

வணக்கம். அடுப்படியில் நின்றுகொண்டோ, கடையைத் திறந்து வைத்துக்கொண்டோ இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வேலையை விட வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். விடிகாலை, தண்ணீர் தெளித்த வாசல், ஒரு அம்மா குனிந்து கோலம் போடுகிறார். நினைத்துப் பாருங்கள். கண்ணை மூடினாலும் சரி, திறந்திருந்தாலும் சரி.

நினைத்தாயிற்றா? இப்போது கேட்கிறேன். அந்த அம்மாவின் சேலை என்ன நிறம்? கோலமாவு கிண்ணத்தில் இருந்ததா, தேங்காய்ச் சிரட்டையிலா? அவர் முகம் தெருவைப் பார்த்திருந்ததா, வீட்டைப் பார்த்திருந்ததா?

சிலர் கேட்ட மாத்திரத்தில் "பச்சைச் சேலை, சிரட்டை, வீட்டைப் பார்த்து" என்பார்கள். நான் கேட்பதற்கு முன்பே அதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இன்னும் சிலர், "சேலை நிறத்தை நீங்க சொல்லவே இல்லையே?" என்பார்கள். கோலம் போடுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், தினமும் போடுகிறவர்களாகக்கூட இருக்கலாம். ஆனால் உள்ளே படம் எதுவும் வரவில்லை. நிறத்தைக் கேட்ட பிறகுதான் ஒரு நிறத்தை முடிவு செய்கிறார்கள்.

இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர். மனத்தோற்றத்துக்கு அரிஸ்டாட்டில் வைத்திருந்த கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் 'இல்லை' என்று பொருள்படும் எழுத்தைச் சேர்த்து, இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமனும் அவருடன் இருவரும் 2015-இல் வைத்த பெயர். நோயின் பெயர் அல்ல. நூறு பேரில் சுமார் நாலு பேருக்குப் படம் மிக மங்கலாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. அறவே வராதவர்கள் நூற்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

பெயர்தான் புதிது, விஷயம் பழசு. 1880-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், "இன்று காலை நீங்கள் சாப்பிட்ட மேஜையை நினைத்துப் பாருங்கள், வெளிச்சமாக இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா, நிறம் தெரிகிறதா?" என்று பலருக்கும் கேள்வி அனுப்பினார். அவருக்குத் தெரிந்த விஞ்ஞானிகளில் பலர், அப்படி எதுவும் தெரிவதில்லை என்றே பதில் எழுதினார்கள். 'மனக்கண்' என்பதே சும்மா அலங்காரப் பேச்சு என்று அதுவரை நினைத்திருந்தவர்கள் அவர்கள். நம் ஊரிலும் அதேதான். "அந்தக் காட்சி கண்ணுக்குள்ளயே நிக்குது" என்று ஒருவர் சொன்னால், படம் வராதவர் அதைப் "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்கிற மாதிரி ஒரு பேச்சுவழக்கு என்றே எடுத்துக்கொள்வார். உண்மையிலேயே நிற்கிறது என்று அறுபது வயதில் தெரியவந்தால் ஆளே அசந்துபோவார்.

வீட்டில் சோதித்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பலரும் தப்பாகவே கேட்பார்கள். "தெரியுதா?" என்று கேட்கக் கூடாது. எல்லாரும் தெரியுது என்றுதான் சொல்வார்கள். காட்சியை முதலில் சொல்லி, நினைக்க விட்டு, சொல்லாத விவரங்களைப் பிறகு கேட்க வேண்டும். முன்கூட்டியே கேள்வியைச் சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. அடுத்த குழப்பம், "கண்ணை மூடினா எனக்குக் கறுப்பாத்தான் இருக்கு, அப்ப எனக்கு இல்லை" என்பது. இமைக்குப் பின்னால் எல்லாருக்கும் கறுப்புதான். படம் வருகிறவர்களுக்கும் சினிமாத் திரை மாதிரி அந்தக் கறுப்பின் மேல் வருவதில்லை. பெரும்பாலோருக்கு அது வேறு எங்கோ, தலைக்குள் வருகிறது. முறையாகப் பார்க்க வேண்டுமானால் டேவிட் மார்க்ஸ் 1973-இல் வெளியிட்ட கேள்வித்தாள் இருக்கிறது. அடிக்கடி பார்க்கும் ஒரு மனிதர், சூரியன் உதிப்பது, அடிக்கடி போகும் கடை, மலையும் ஏரியும் உள்ள ஒரு இடம் என்று நாலு காட்சிகள், காட்சிக்கு நாலு கேள்வி, மொத்தம் 16. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்.

"உங்க வீட்டுல எத்தனை ஜன்னல்?" என்று கேட்பது சோதனையே ஆகாது. படம் வராதவரும் சரியாக எண்ணிச் சொல்லிவிடுவார். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அறிவது வேறு, உள்ளே பார்ப்பது வேறு. மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேல மாசி வீதியிலிருந்து கோயிலைப் பார்த்து நடந்தால் எந்த வீதியைத் தாண்ட வேண்டும்? மேல ஆவணி மூல வீதி, அப்புறம் மேலச் சித்திரை வீதி. யாருக்காவது இதைச் சொல்ல வீதியின் படம் வேண்டியிருந்ததா? கோபுரங்களில் எது உயரம்? தெற்குக் கோபுரம். அதன் ஒரு பொம்மைகூட உள்ளே தெரியாதவருக்கும் அது தெரியும். இடமும் வரிசையும் திசையும் ஒரு கணக்கில் இருக்கின்றன. நிறமும் உருவமும் வேறு கணக்கில்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறைகளின் புகைப்படத்தைக் காட்டி எடுத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார்கள். படம் வராதவர்கள் குறைவான பொருட்களையே வரைந்தார்கள். ஆனால் வரைந்தவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதோடு, அறையில் இல்லாத பொருளைச் சேர்த்து வரைந்தவர்கள் படம் வருகிறவர்களிடையேதான் அதிகம்.

பூசலார் நாயனாரைச் சொல்லாமல் நகர மாட்டேன். கையில் காசில்லாததால் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ அரசன் கனவில் இறைவன் வந்து, "நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளி வை" என்றார். அரசன் ஓடி வந்து ஊரில் தேடினால் கோயிலே இல்லை! இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் "என்ன ஒரு மனக்கண்!" என்பார்கள். ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். நிதி சேர்த்தார், பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்தார், அடித்தளம் போட்டார், சிகரம், தூபி, சுதை வேலை, கிணறு, மதில், குளம். இது ஒரு மேஸ்திரியின் வேலை வரிசை. பூசலாருக்குப் படம் வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இந்த வரிசையை ஒன்று விடாமல் மனத்தில் நடத்த ஒரு படம்கூட அவசியமில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படங்கள் உருவாக்கியதில் முன்னோடி, பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல், தனக்கு மனத்தில் படமே வராது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, எங்கே இடிக்கிறது? வீடு கட்டும்போது. கொத்தனார் வெறும் மண்ணைக் காட்டி, "அக்கா, இங்கிட்டு ஜன்னல் வந்தா எப்படி இருக்கும், நெனச்சுப் பாருங்க" என்பார். அக்கா தலையாட்டுவார். பூச்சு வேலை முடிந்த பிறகு "இவ்வளவு சின்னதாவா!" என்பார். தகராறு அங்கே தொடங்கும். பேச்சில் ஒத்துக்கொள்ளாதீர்கள், தரையில் கோடு போடச் சொல்லுங்கள். சுண்ணாம்புத் தூளோ கோலமாவோ எடுத்து அறையின் நாலு பக்கமும் இழுங்கள். ஆறடிக்கு நாலடி கட்டிலையும் உள்ளே வரையுங்கள். கதவு திறக்கும் அளவுக்கு அரைவட்டம் போடுங்கள். ஜன்னலுக்கு, ஒரு வேட்டியை நாலடிக்கு நாலடியாக மடித்து, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அதன் கீழ்விளிம்பு வருமாறு இருவர் பிடிக்கட்டும். தையல்காரரிடம் போனால் கழுத்து டிசைனை வாயால் விளக்காமல் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் இன்னொன்று. "படமா மனசுல பதிய வை" என்ற உத்தி இந்தப் பிள்ளைகளுக்கு வேலை செய்யாது. மாட்டுவதற்கு அங்கே ஆணியே இல்லை. இதயப் படத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஆரிக்கிள், இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று, மாசி வீதியிலிருந்து சித்திரை வீதிக்கு வழி சொல்வது போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மூன்று தடவை வரையட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தடவை. வர்ணனைக் கட்டுரை எழுதச் சொன்னால், காது, மூக்கு, தோல் எதை உணர்ந்தது என்று கேட்டு எழுத வையுங்கள். சோம்பேறி என்று திட்டாதீர்கள், அது அநியாயம்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. வீட்டைவிட்டுக் கிளம்புமுன் பிள்ளையை நிற்க வைத்து, தலை முதல் கால் வரை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்ற கேள்விக்கு, படம் வருகிறவர்களே தடுமாறுவார்கள்.

கடிகாரம் முந்திக்கொண்டுவிட்டது. கனவு பற்றியும் தியானம் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: படம் வராதவர்களில் பலருக்குக் கனவில் மட்டும் படம் வருகிறது. தியானத்தில் "விளக்கை மனத்தில் பாருங்கள்" என்றால் அவர்கள் மூச்சையோ மந்திர ஒலியையோ பிடித்துக்கொள்ளலாம். இறந்தவர் முகம் உள்ளே வரவில்லை என்பதற்காகப் பாசம் குறைவு என்று ஆகாது; புகைப்படத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், குரல் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள். கடைசியாக, இது பிறவியிலிருந்தே இப்படி என்றால் மருந்தும் வேண்டாம், கவலையும் வேண்டாம். நேற்று வரை வந்த படம் திடீரென்று நின்றுவிட்டது என்றால் அது வேறு விஷயம். ஜீமன் 2010-இல் எழுதிய நோயாளி அப்படித்தான், இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்ற பிறகு படம் போனவர். அப்படி நடந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வணக்கம்.