இசே ஆலயமும் கைப்பழக்கமும்

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் பெருந்தகை அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அன்போடு அழைத்த வாசகர் வட்டத்தாரே, முன்வரிசையில் அமர்ந்து இந்த அவைக்குப் பெருமை சேர்த்திருக்கும் தேர்த்தச்சர் பெரியவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஜப்பானின் மியே மாநிலத்தில் உள்ள இசே ஆலயத்தைக் கண்டு வந்தவன் என்ற முறையில், அங்குள்ள வழிபாடு, திருப்பணி, நெல் விழாக்கள் ஆகிய மூன்றையும் பேசப் பணித்திருக்கிறீர்கள். “சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்” என்ற ஔவை வாக்கின் பொருளை அங்கேதான் முழுமையாக உணர்ந்தேன்.

உஜி பாலத்தைக் கடந்து வலப்புறமாகவே நடந்தால் இசுசு ஆற்றின் படித்துறை வருகிறது. அங்கே ஒரு முதியவரும், ஆறு வயது இருக்கும் அவருடைய பேரனும் குனிந்து கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே நடந்து, சூரியதேவி அமதெராசுவின் சந்நிதிப் படிகளில் ஏறினேன். அந்தப் படிகளுக்கு மேல் படம் எடுக்க அனுமதி இல்லை. வாயிலை மறைத்து ஒரு வெண்திரை மட்டும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது முறை. பையன் தட்டினான், ஓசை எழவில்லை. பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் அவன் பின்னால் நின்று, இரு கைகளையும் பற்றி, வலது உள்ளங்கையை ஒரு விரற்கணு அளவு கீழே இறக்கி, சேர்த்துத் தட்ட வைத்தார். கணீரென்று ஒலித்தது. பிறகு அவனே தட்டிப் பார்த்தான், அதே ஓசை! பின்னால் நின்ற எவரும் அவசரப்படவில்லை. ஆம், சித்திரமும் கைப்பழக்கம்.

திருப்பணியும் அப்படித்தான். ஜிதோ பேரரசியின் காலத்தில், 690இல் தொடங்கிய வழக்கம் அது: 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் ஹினோகி என்னும் சைப்ரஸ் வகை மரத்தால் அதே ஆலயத்தைப் புதிதாக எழுப்பி, 714 வகைகளில் 1,576 திருப்பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். போர்களால் 1462க்குப் பின், அமதெராசு உறையும் உட்கோயிலின் திருப்பணி தடைபட்டு, 1585இல்தான் மீண்டும் நடந்தது. 62ஆவது திருப்பணி 2013இல் முடிந்தது, அடுத்தது 2033இல். சென்ற முறை உளி பிடிக்கக் கற்ற இளைஞர் அடுத்த முறை தானே முன்னின்று செய்யவும், அதற்கடுத்த முறை இளையவருக்குக் கற்பிக்கவும் இந்த இடைவெளி இடம் தருகிறது. பழைய மரமும் வீணாவதில்லை. முகடு தாங்கிய தூண்களே உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரி வாயில்களாக நிற்கின்றன.

நெல் விழாக்களைப் பேச நேரம் இடம் தரவில்லை. நம் தேர்த்தச்சர்களின் கைப்பழக்கம் அவர்களோடு நின்றுவிடாதிருக்க, மாவட்டத்திற்கு ஒரு பட்டறையும் பயிலும் இளைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் கேட்டு எழுதிய விண்ணப்பம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையொப்பத்தை நகர்மன்றத் தலைவர் அவர்கள் இட்டுத் தர வேண்டுகிறேன்.