விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு கூடைப்பந்து ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிவது வழக்கம், குற்றவாளி நான்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கல்லூரிப் பெண்கள் ஆடும் பாஸ்கெட்பாலைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கே வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி என்றால் நமக்கு சனிக்கிழமை காலை ஐந்தரை. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள், அப்புறம் அதே ஏழு மணி ஆட்டம் நமக்கு நாலரை. பால்காரரே வந்திருக்க மாட்டார்.

"ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர், பெண்கள் விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றுதான் வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். ஏதாவது என்று சொல்லிவிட்டதால் எனக்குப் பிடித்ததையே எடுத்துக்கொண்டேன்.

இது எப்படித் தொற்றியது என்றால், என் அண்ணன் மகள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்தாள். அவளைப் பார்க்க ஒரு பிப்ரவரியில் போயிருந்தேன். வெளியே பனி முழங்கால் அளவு. அவள் விளையாடுகிறவள் இல்லை, ஆட்டம் நடக்கும்போது ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டுவாள், மணிக்கு இவ்வளவு என்று கல்லூரியே சம்பளம் தரும். சரி வா என்று கூட்டிக்கொண்டு போனாள். நான் டிவியில் பார்த்திருந்த அமெரிக்க பாஸ்கெட்பால் வேறு, இது வேறு. சுவருக்குள் மடித்து வைத்திருந்த மரப்படிகளை இழுத்துப் போட்டிருந்தார்கள், மொத்தம் இருநூறு பேர் இருந்தால் அதிகம். பாதிப்பேர் ஆடுகிற பிள்ளைகளின் அப்பா அம்மா. எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி, பேத்தி ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார், பந்து விழுந்ததா என்று என்னிடம்தான் கேட்பார். ஆட்டம் முடிந்ததும் தோற்றுப்போன வெளியூர் அணி முகத்தைக்கூடத் துடைக்காமல் ஆளுக்கொரு பீட்சா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் பேருந்துக்கு நடந்து போனதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவள் நான். அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவைத்தான் உலகம் பார்க்கிறது. 2024-இல் கெய்ட்லின் கிளார்க் என்ற நட்சத்திர வீராங்கனை ஆடிய அந்த இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் மட்டும் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். நான் சொல்வது மூன்றாம் பிரிவு. இதில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பெண்கள் அணி வைத்திருக்கின்றன. விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு ரூபாய், மன்னிக்கவும், ஒரு டாலர்கூடக் கிடையாது, அது விதி. படித்து முடித்த பிறகு தொழில்முறை அணியில் இடம் கிடைக்கும் என்ற நினைப்பும் அநேகமாக யாருக்கும் இல்லை. காலையில் வேதியியல் ஆய்வகம், மாலையில் பயிற்சி, நாலு வருஷம், அவ்வளவுதான்.

அந்த நானூறில் 64 அணிகள் மார்ச் மாதப் போட்டிக்குள் வரும். தங்கள் வட்டாரக் கூட்டமைப்பில் ஜெயித்தவர்களுக்கு நேரடி இடம், மீதி இடங்களைக் குழு உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும். ஒரு திங்கட்கிழமை பட்டியல் வெளியாகும். அதற்கு முந்தின இரவே நான் பழைய வருகைப்பதிவேடு ஒன்றில் ஸ்கேல் வைத்து 64 கோடு போட்டுவிடுவேன். தோற்றால் வெளியே, நம்ம ஊர் நாக்-அவுட்தான். முதல் வார இறுதியில் பதினாறு ஊர்களில் நாலு நாலு அணி. இரண்டே நாளில் 64 பதினாறாகிவிடும். அடுத்த வாரம் நாலு ஊர், பதினாறு நாலாகும். அப்புறம் கடைசி நாலு அணியும் ஒரே ஊரில்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் கோபம் வருவதும் ஒரே விஷயம், பேருந்துக் கணக்கு. யாரோடு யார் மோதுவது என்பதை பலத்தை மட்டும் வைத்து முடிவுசெய்வதில்லை, தூரத்தையும் பார்ப்பார்கள். நெடுங்காலமாக 500 மைல் என்பதுதான் அளவாக இருந்தது. அதற்குள் இருந்தால் பேருந்து, தாண்டினால்தான் விமானம். 500 மைல் என்றால் 800 கிலோமீட்டர், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போனாலே எழுநூறு சொச்சம்தான். விமானச் செலவைக் குறைக்க வேண்டும் என்பதால் பக்கத்துப் பக்கத்து அணிகளை ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார்கள். வடகிழக்கில் நல்ல அணிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன, ஒன்றையொன்று சீக்கிரமே வெளியே தள்ளும். டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இருக்கும் அணிகள் தனித் தீவு மாதிரி, விமானம் ஏறாமல் எங்கும் போக முடியாது, அதனால் அவர்களை அவர்களோடேயே மோதவிடுவார்கள். நாட்டில் பத்துக்குள் இருக்கும் இரண்டு அணிகள் முதல் வாரமே மோதி ஒன்று வீட்டுக்குப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். பணம் இல்லாத பிரிவில் வேறு என்ன செய்வார்கள் என்றும் தோன்றும். இங்கே ஒரு மாவட்டப் போட்டியில், ஊர்ப் பெயர் வேண்டாம், மாவட்டத்திலேயே பலமான இரண்டு பெண்கள் அணிகளை முதல் ஆட்டத்திலேயே மோதவிட்டார்கள். கேட்டதற்கு, சாப்பாட்டு டோக்கன் மிச்சமாகும் என்று பதில் வந்தது. 500 மைல் கணக்கு அதைவிட எவ்வளவோ தேவலை.

இந்தப் போட்டி 1982-இல் தொடங்கியது. முதல் இறுதியிலேயே பென்சில்வேனியாவின் எலிசபெத்டவுன் கல்லூரி கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு புள்ளியில், 67-66 என்று ஜெயித்தது. அப்புறம் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1998 முதல் 2001 வரை தொடர்ந்து நாலு தடவை. நடுவில் 81 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. அதை நான் பார்க்கவில்லை, பட்டியலில் படித்ததுதான்.

டிரான்சில்வேனியா என்று ஒரு அணி இருக்கிறது என்றதும் எங்கள் வீட்டுக்காரர் "டிராகுலா கோச்சா?" என்றார். கதையில் வரும் டிராகுலாவின் ஊருக்கும் அதே பெயர்தான். ஆனால் இந்த அணியின் ஊர் கென்டக்கியில் லெக்சிங்டன், 1780-இல் தொடங்கிய கல்லூரி, பெயருக்கு லத்தீனில் காட்டுக்கு அப்பால் என்று பொருள், அவ்வளவுதான். ஆனால் 2023-இல் 33 ஆட்டம் ஆடி 33-ஐயும் ஜெயித்தார்கள், அது கொஞ்சம் டிராகுலா வேலைதான். அந்த வருஷம் மூன்று பிரிவுகளின் பெண்கள் இறுதி ஆட்டங்களையும் டல்லாஸில் ஒரே பெரிய அரங்கில் நடத்தினார்கள். எதிரணி கிறிஸ்டோபர் நியூபோர்ட்டும் அதுவரை தோற்காத அணி. 57-52. மரப்படியில் இருநூறு பேர் முன்னால் ஆடிப் பழகிய பிள்ளைகள், பத்தொன்பதாயிரம் பேர் கொள்ளும் இடத்தில், அத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடக்க ஆடினார்கள். பெரிய அரங்கு கொடுத்தது மரியாதை என்று சொல்லலாம். எனக்கு என்னவோ அந்தச் சத்தமே இல்லாத கூரையின் கீழே அவர்கள் சின்னதாகத் தெரிந்தார்கள்.

ஹோப் கல்லூரியையும் சொல்லாமல் விட முடியாது. மிச்சிகன் மாநிலம், ஹாலண்ட் என்று ஊர்ப் பெயர். 2020-இல் அவர்கள் அந்தப் பருவம் முழுக்கத் தோற்கவில்லை, மார்ச் முதல் வாரத்தில் இரண்டு சுற்றும் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஆட்டம் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. 12-ஆம் தேதி கொரோனாவால் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். 2021-இலும் இந்தப் பிரிவுக்குப் போட்டி இல்லை. 2022-இல் ஹோப் பிட்ஸ்பர்க்கில் நடந்த இறுதியில் விஸ்கான்சின்-ஒய்ட்வாட்டர் அணியை 71-58 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. நல்லதுதான். ஆனால் 2020-இல் கடைசி வருஷம் படித்த பெண்கள் அந்தப் படத்தில் இல்லை. தோற்காமல் முடிந்துபோனவர்கள் அவர்கள், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் என் பதிவேட்டில் அந்த வருஷத்துப் பக்கம் பாதியில் நிற்கிறது.

சரி, 2024-க்கு வருகிறேன், நான் பேச வந்ததே அதற்குத்தான். அந்த வருஷம் ஸ்மித் கல்லூரி இறுதி ஆட்டம் வரை போனது. மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் இருக்கும் பெண்கள் கல்லூரி அது.

அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு. 1891 டிசம்பரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை மாட்டி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது அந்த ஊரில்தான். பல வருஷம் கழித்து ஹாரி குரோ பக் என்பவர் அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு மதராஸுக்கு வந்து 1920-இல் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி. எனக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லித்தந்த டீச்சர் அங்கே படித்தவர். அதனால் இந்த ஆட்டம் எனக்கு வெளியூர் ஆட்டமே இல்லை என்று வீட்டில் அடித்துச் சொல்லிவிடுவேன்.

நெய்ஸ்மித் கூடையை மாட்டிய அந்தச் சமயத்தில் ஸ்மித்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக வந்து சேர்ந்தவர் செண்டா பெரென்சன். லிதுவேனியாவில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா வந்தவர், வயது இருபத்து மூன்றோ என்னவோ. நெய்ஸ்மித்தின் ஆட்டத்தைப் படித்துவிட்டு அதைத் தன் மாணவிகளுக்குக் கொண்டுவந்தார். 1893 மார்ச்சில் இரண்டாம் வருஷத்துக்கும் முதல் வருஷத்துக்கும் ஆட்டம். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. படியெல்லாம் அவரவர் வகுப்பு நிறத்தில் துணி கட்டிக்கொண்டு பெண்கள் பாட்டுப் பாடினார்களாம். பெரென்சன் பந்தை மேலே போட்டு ஆட்டத்தைத் தொடங்கிய அந்த முதல் நொடியிலேயே ஒரு பெண்ணின் தோள்மூட்டு இறங்கிவிட்டது. பி.டி. டீச்சராக இருந்தவர்களுக்கு அந்த நொடி வயிற்றில் என்ன செய்யும் என்று தெரியும். அந்தப் பெண்ணைக் கூட்டிப் போய் மூட்டைச் சரிசெய்தார்கள், வேறொருத்தியை இறக்கினார்கள், ஆட்டம் தொடர்ந்தது. முடிவில் இரண்டாம் வருஷம் 5-4 என்று ஜெயித்தது.

பெண்களுக்கென்று அவர் விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது என்றார். எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் தட்டக் கூடாது, மூன்று நொடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. பெண்களால் ஓட முடியாது என்ற அந்தக் காலத்து நினைப்பு அதில் இருக்கத்தான் செய்கிறது, எனக்கு அந்த விதிகள் பிடிக்காது. ஆனால் அப்படி ஏதாவது செய்யாவிட்டால் அன்று கதவையே பூட்டியிருப்பார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. எங்கள் பள்ளியில் அரைக்கால் சட்டை பிரச்சினை வந்தபோது நானும் முழுக்கால் டிராக் பேன்ட்டுக்கு ஒத்துக்கொண்டுதான் அணியைக் காப்பாற்றினேன்.

அந்தக் கல்லூரி, 131 வருஷம் கழித்து, ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் நாட்டின் இறுதி ஆட்டத்தில். அரையிறுதியில் அயோவாவின் வார்ட்பர்க்கை ஜெயித்துவிட்டு வந்தார்கள். இன்னொரு பக்கம் நியூயார்க் பல்கலைக்கழகம். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டு வருஷமாகத் தோற்காமல் வந்த டிரான்சில்வேனியாவை அரையிறுதியில் நிறுத்தியது அவர்கள்தான். அவர்களுடைய பழைய உள்ளரங்கை 2016-இல் மூடிவிட்டார்கள், 2023-இல் புதியது திறக்கும் வரை அந்த அணி வருஷக்கணக்காகச் சொந்த அரங்கு இல்லாமல் ஊர் ஊராகப் போய் ஆடியது. அந்தக் கதைக்காகவே வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன்.

இறுதி ஆட்டம் தடுப்பாட்டம்தான். ஸ்மித் நாற்பது நிமிஷத்தில் எடுத்தது 41 புள்ளி, நிமிஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் 51. எனக்கு இப்படி ஆட்டம்தான் பிடிக்கும், ஒவ்வொரு கூடைக்கும் விலை உண்டு. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் நாலு கை மேலே போகும், ஒரு ரீபவுண்டுக்கு ஒருத்தி தரையில் விழுந்து எழுந்துதான் ஓடுவாள். நடுவில் கைபேசியில் படம் உறைந்துவிட, நான் எண்கள் மட்டும் ஓடும் பக்கத்துக்குப் போனேன். 'தவறவிட்டார்', 'ரீபவுண்ட்', 'ஃபவுல்' என்று வரி வரியாக வரும், அதை வைத்து மனசுக்குள் ஆட்டத்தை ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். நியூயார்க் 31 ஆட்டத்தில் 31 வெற்றி. 1997-க்குப் பிறகு அவர்களுக்கு இதுதான் கோப்பை. அடுத்த வருஷமும் அதே இரண்டு அணிகளே இறுதியில் மோதின, கோப்பையும் அதே பக்கம்தான் போனது.

பதிவேட்டில் கடைசிக் கோட்டின் மேல் 51-41 என்று எழுதினேன். ஓரத்தில் சின்னதாக 5-4 என்றும் எழுதி வைத்தேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "என்ன, நம்ம பிள்ளைங்க ஜெயிச்சாங்களா?" என்றார்.

"பத்து பாயிண்ட் போயிடுச்சு."

அண்ணன் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கோரை அனுப்பினேன். இப்போது அவள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், ஆட்டத்தையே பார்க்கவில்லையாம். "அத்தை, உங்க ஊர்ல இப்ப மணி என்ன? போய்த் தூங்குங்க" என்று பதில் போட்டாள். எங்கே தூங்குவது, அடுப்பைத் துடைக்க வேண்டியிருந்தது.

வணக்கம்.